ஸ்டெல்லன் குழந்தை சீட் வாங்கிய கதை

ஸ்டெல்லனின் வீட்டு முன்சுவரில் நான்கு நிறங்கள் இருக்கின்றன. வாசலுக்கு வலப்பக்கம், ஆள் மார்பு உயரத்தில் நான்கு சதுரங்கள். ஒன்று மங்கிய மஞ்சள், இன்னொன்று அதைவிடக் கொஞ்சம் மங்கிய மஞ்சள், ஒன்று சாம்பல், கடைசியாக இன்னதென்று சொல்ல முடியாத ஒரு பச்சை. வீட்டுக்கு எந்த நிறம் அடிப்பது என்று பார்ப்பதற்காகப் பூசியவை. பூசியபோது எனக்குத் தலை நரைக்கவில்லை. இப்போது சதுரங்களே வெளுத்து, நான்கும் கிட்டத்தட்ட ஒரே நிறத்துக்கு வந்துவிட்டன. "இப்பவாவது ஒண்ணை அடிச்சுத் தொலைக்க வேண்டியதுதானே, எல்லாம் ஒண்ணுபோலத்தானே இருக்கு?" என்று கேட்டால், "அதான் இங்கெலா, இப்ப இன்னும் கஷ்டமாயிருச்சு" என்கிறான்.

நானும் அவனும் எங்கள் வடக்குத் துறைமுக ஊரான ஹார்னோசான்டில் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். நகராட்சியில் கட்டட அனுமதிப் பிரிவில் வேலை பார்க்கிறான். யாராவது வீட்டோடு கண்ணாடி வராந்தா ஒன்றைச் சேர்த்துக் கட்ட ஆசைப்பட்டால், அது பக்கத்து வீட்டுக்காரரின் வெயிலை எவ்வளவு மறைக்கும் என்று யோசிப்பது அவன் பிழைப்பு. அவன் அனுமதித்த எதுவும் இன்றுவரை இடிந்ததில்லை. அவன் அனுமதிப்பதற்குள் சிலர் வீட்டையே விற்றுவிட்டுப் போனதுண்டு.

கல்யாணமில்லை. பார்ப்ரூ என்று ஒருத்தி சில வருஷம் அவனோடு இருந்தாள். சமையலறை அலமாரிக்குக் கதவு போடுவதற்காக இன்னொரு கடையின் விலைப்புத்தகத்தையும் அவன் தூக்கிக்கொண்டு வந்த அன்று பெட்டியைக் கட்டினாள். அலமாரிக் கதவு ஒன்றுதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வருஷக் கணக்கில் கதவில்லாத அலமாரியில் தட்டு அடுக்கியவளிடம் வேறு காரணம் கேட்கவும் மாட்டேன்.

இத்தனைக்கும் கெட்டவன் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் கடுப்பு. கெட்டவனாக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். இவனைத் திட்டினால் தலையைச் சாய்த்துக் கவனமாகக் கேட்டுவிட்டு, "நீ சொல்றதுலயும் விஷயம் இருக்கு" என்பான். அதோடு நம் கோபத்துக்குப் போக்கிடம் இல்லாமல் போய்விடும்.

எங்கள் சேர்ந்திசைக் குழுவில் அவன் அடிக்குரல்காரர்களின் தூண். செவ்வாய்க்கிழமை மாலைதோறும் தேவாலயத்தை ஒட்டிய கூடத்தில் பாடுவோம். பெரிய கூடம், வழவழவென்ற கல் தரை, நடுவில் பியானோ, மூலையில் காப்பி. பியானோவுக்குப் பக்கத்தில் நிற்பவள் உல்ரிகா, கையசைத்து எங்களை மேய்ப்பவள். நான் பெண்களின் தாழ்குரல் வரிசையில் நிற்கிறேன். என் இடப்பக்கம் நிற்பவள் தெக்லா. இந்தக் கதை அவளால் வந்தது.

தெக்லா தெற்கத்திப் பெண். இங்கே ஆவணக் காப்பகத்தில் வேலை கிடைத்து, வயிற்றில் பிள்ளையோடு வந்தாள். பிள்ளையின் அப்பா தெற்கே மால்மோவிலேயே நின்றுவிட்டார். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. வயிறு பாட்டுத்தாளைத் தள்ளும் காலம்வரை பாடினாள். இலையுதிர் காலத்தில் பையன் பிறந்தான். பெயர் அல்கோட். என் தாத்தா காலத்துப் பெயர் அது. இப்போது பிறக்கும் குழந்தைகளுக்கெல்லாம் கிழவர்களின் பெயரைத்தான் வைக்கிறார்கள். தள்ளுவண்டிக்குள் குனிந்து பார்த்தால் மீசை இருக்குமோ என்று தோன்றும்.

பிப்ரவரியில் அல்கோட்டையும் தூக்கிக்கொண்டு பயிற்சிக்குத் திரும்பி வந்தாள். உல்ரிகா உடனே அவளுக்குத் தனியாகப் பாட ஒரு பாட்டடியைக் கொடுத்தாள். ஏப்ரல் கடைசி நாள் மாலையில், துறைமுகத்துக்கு மேலே உள்ள மேட்டில் வால்போரித் தீ மூட்டி, பனி இன்னும் தரையில் கிடந்தாலும் வசந்தம் வந்துவிட்டது என்று பாடுவோம். அதில் ஒரு பாட்டின் நடு அடியை ஒருத்தி தனியாகப் பாட வேண்டும். அந்த அடிக்குக் குழுவில் பல பேர் ஆசைப்பட்டார்கள். தெக்லா வாயைத் திறந்ததும் ஆசையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்கள்.

அன்றைக்கு மேலங்கி மாட்டும் நடையில் என்னிடம் சொன்னாள்: "வாரம் முழுக்க 'செல்லக்குட்டி, ஆ காட்டு, சமத்துக்குட்டி'ன்னே பேசிட்டிருக்கேன் இங்கெலா. செவ்வாய்க்கிழமை மட்டுந்தான் என் குரல் என்னுதா இருக்கு. இதுவும் இல்லேன்னா நான் இந்த ஊர்ல எதுக்கு இருக்கேன்னே தெரியல. அம்மா வீட்டுக்கே போயிரலாம்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் எனக்கு அது சிரிப்பாகப் படவில்லை.

சிக்கல் அல்கோட்தான். அவனுக்குப் படுக்கப் பிடிக்காது. கம்பளி விரித்துத் தரையில் போட்டால், யாரோ கிள்ளியது போலக் கத்துவான். நிமிர்த்தி வைத்து நாலு முகத்தைக் காட்டினால் உடனே அமைதி. எங்கள் ஒவ்வொருவரையும் வரிசையாகப் பார்த்து, இன்னார் சுருதி விலகுகிறார் என்று குறித்துக்கொள்வது போல இருப்பான். ஆனால் அவனால் தானாக உட்கார முடியாது. தெக்லா ஒரு கையில் அவனும் மறு கையில் பாட்டுத்தாளுமாக நின்றாள். தாளை அவன் தின்றான்.

காப்பி இடைவேளையில் பெங்ட்தான் ஆரம்பித்துவைத்தான். உயர்குரல்காரன், படகு எஞ்சின் பழுதுபார்ப்பவன். "தரையில வச்சு உக்கார வைக்கிற சீட்டு இருக்குல்ல? மடிச்சுத் தூக்கிட்டுப் போற மாதிரி? அதுல ஒண்ணு நாம எல்லாருமா சேந்து வாங்கி இங்கயே வச்சுட்டா என்ன?"

எல்லோரும் தலையாட்டினோம். பிறகு எல்லோரும் காப்பிக் கோப்பைக்குள் பார்த்தோம். யார் வாங்குவது என்ற கேள்வி கோப்பைக்குள் கிடந்தது போல.

"நான் வேணா கொஞ்சம் பாக்கறேன்" என்றான் ஸ்டெல்லன்.

காப்பி எனக்குப் புரையேறியது.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவன் எழுந்து நின்றான். "மூணு விதமா இருக்கு. ஒண்ணு, முழுசா நுரையில வார்த்தது. தொடை ரெண்டையும் ஓட்டையில விட்டா பிள்ளை கெட்டியா உக்காந்துக்கும். ஆனா மடக்க முடியாது. இன்னொண்ணு கம்பிச் சட்டம், துணி, பெல்ட்டு. மடங்கும். ஆனா கல் தரையில வழுக்குமான்னு தெரியல. இன்னொண்ணு காத்தடிக்கறது."

"காத்தடிக்கறது வேண்டாம்" என்றான் பெங்ட். "காத்தடிச்ச படகை நம்பி ஏறினவனையெல்லாம் நான்தான் கட்டி இழுத்துட்டு வர்றேன்."

"நுரைன்னா என்ன நுரை? அதுல என்னென்ன மருந்து கலந்திருக்கானோ" என்றாள் மேல்குரல் வரிசையில் ஒருத்தி.

"புதுசா எதுக்கு? பழைய சாமான் கடையில கிடைக்குமே. பூமிக்கும் நல்லது" என்றாள் இன்னொருத்தி.

"பழசுன்னா மருந்து ஊறியில்ல இருக்கும்?"

"இல்லல்ல, பழசுன்னா மருந்தெல்லாம் போயிருக்கும்."

ஸ்டெல்லன் இரண்டையும் குறித்துக்கொண்டான். அதை அவன் குறித்துக்கொண்ட அக்கறையைப் பார்த்ததும் எனக்கு அவன் வீட்டுச் சுவரின் நான்கு சதுரங்கள் ஞாபகம் வந்தன.

உல்ரிகா கேட்டாள்: "அப்ப எல்லாருக்கும் எதுல சம்மதம்?"

எங்கள் ஊரில் இதைவிட ஆபத்தான கேள்வி கிடையாது. கையைத் தூக்கச் சொல்லி எண்ணியிருந்தால் காப்பி ஆறுவதற்குள் முடிந்திருக்கும். ஆனால் எண்ணினால் தோற்றவர்கள் என்று சிலர் இருப்பார்கள். தோற்றவர்களோடு எப்படித் தோளோடு தோள் நின்று வசந்தத்தை வரவேற்பது? ஆகவே ஒருவர் முகம் லேசாகச் சுளித்தாலும் பேச்சு அடுத்த வாரத்துக்குப் போகும். போனது. அதற்கடுத்த வாரத்துக்கும் போனது. சீட்டுக்கு முன்னால் சாப்பாட்டுப் பலகை வேண்டுமா என்று ஒரு மாலை. குழுவை விட்டு யாராவது போனால் சீட்டு யாருக்குச் சொந்தம் என்று ஒரு மாலை. நான் வீட்டுக்குப் போய்ப் பாத்திரத்தை டமார் டமாரென்று போட்டுக் கழுவினேன்.

இதற்கிடையில் தெக்லா பின்வரிசைக்குப் போனாள். பிறகு வரிசைக்கு வெளியே போனாள். அல்கோட் முனகினால் நடைக்குப் போய், கதவுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவனை ஆட்டிக்கொண்டே பாடுவாள். குரல் கேட்காது. வாய் அசைவது மட்டும் தெரியும். "எவ்வளவு அழகா சமாளிக்குது பாரு இந்தப் பொண்ணு" என்று நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். பாராட்டாகத்தான் சொன்னோம்.

மார்ச்சில் ஒரு சனிக்கிழமை, நானே ஸ்டெல்லனை என் காரில் போட்டு பக்கத்து ஊரான சுன்ட்ஸ்வாலில் உள்ள பெரிய குழந்தைச் சாமான் கடைக்குக் கொண்டுபோனேன். இன்றைக்கு ஒன்றை வாங்காமல் இவனை வெளியே விடுவதில்லை என்று முடிவு கட்டியிருந்தேன். அவன் ஒரு துணிப்பையோடு வந்தான். கடைக்குள் போனதும் பையிலிருந்து உருளைக்கிழங்கு மூட்டை ஒன்றை எடுத்தான். அதற்குக் குழந்தையின் கம்பளிச் சட்டை போட்டிருந்தது.

"என்னடா இது?"

"அல்கோட் எடை. தெக்லாகிட்ட கேட்டுட்டு அதே எடைக்குப் போட்டு எடுத்துட்டு வந்தேன்."

"சட்டை எதுக்கு?"

"துணிக்கும் துணிக்கும் வழுக்கற விதம் வேற இங்கெலா. வெறும் சாக்கை வச்சுப் பாத்தா சரியா தெரியாது."

உருளைக்கிழங்கை ஒவ்வொரு சீட்டிலும் உட்கார வைத்தான். முன்னால் சாய்த்தான், பக்கவாட்டில் சாய்த்தான், முழங்காலிட்டுக் கண்ணை இடுக்கிப் பார்த்தான். கடைப்பெண் ஒருத்தி எங்கள் பக்கம் வந்தாள். தயங்கித் தயங்கித்தான் வந்தாள்.

"ஏதாவது உதவி வேணுங்களா?"

"இது பக்கவாட்டுல சாயுமான்னு பாக்கறேன்."

"பிள்ளையையே கூட்டிட்டு வந்தீங்கன்னா சரியா பாக்கலாமே."

"பிள்ளை எங்களுது இல்லீங்க" என்றான் ஸ்டெல்லன்.

அவள் என்னைப் பார்த்தாள்.

"உருளைக்கிழங்கு இவருதுதான்" என்றேன்.

நல்ல சீட்டு ஒன்று இருந்தது. கம்பிச் சட்டம், மடக்கினால் குடை போலத் தோளில் மாட்டிக்கொள்ளலாம், அடியில் ரப்பர். உருளைக்கிழங்கு அதில் ராஜா மாதிரி அமர்ந்திருந்தது. "இதான், எடு" என்றேன். அவன் கூடவே இருந்த தாளைப் படித்தான். முழுதாகப் படித்தான்.

"பிள்ளையை இதுல தனியா விடக் கூடாதாம். பெரியவங்க யாராவது கை எட்டற தூரத்துலயே இருக்கணுமாம்."

"இருக்கட்டும்."

"யாரு இருக்கிறது?"

"அதைச் செவ்வாய்க்கிழமை பேசிக்கலாம்டா சாமி, முதல்ல எடு!"

எடுக்கவில்லை. ஒரு தடவை குழந்தை நல மையத்து நர்ஸிடம் கேட்டுவிடுகிறேன் என்றான். திரும்பி வரும் வழியெல்லாம் நான் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டேன். உருளைக்கிழங்கு பின்சீட்டில் பெல்ட் போட்டுக்கொண்டு வந்தது.

நர்ஸ் என்ன சொல்லியிருப்பாள் என்று யாரும் ஊகிக்கலாம். தானாக உட்காராத பிள்ளையைச் சீட்டில் ரொம்ப நேரம் வைக்காதீர்கள், தரையில் விட்டு உருளவிடுவதுதான் நல்லது என்றாள். ஸ்டெல்லன் அதை அடுத்த பயிற்சியில் இறுகிய முகத்தோடு எங்களுக்குச் சொன்னான். ஆரம்பித்த இடத்துக்கே வந்து நின்றோம். "ஒருவேளை மெத்தை மாதிரி ஒண்ணு..." என்று பெங்ட் இழுத்தான். நான் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டேன். அன்றைக்குத் தெக்லா வரவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமையும் வரவில்லை. ஈஸ்டர் வந்து போனது.

ஈஸ்டருக்குப் பிறகு உல்ரிகா என்னைத் தனியே கூப்பிட்டாள். "அடுத்த வாரமும் அவ வரலேன்னா அந்த அடியை நான் வேற யாருக்காவது குடுத்துதான் ஆகணும். எனக்கு மட்டும் ஆசையா என்ன?"

நான் நேராக ஸ்டெல்லன் வீட்டுக்கு நடந்தேன். அந்த நான்கு சதுரத்துக்கு முன்னால் நின்றுகொண்டு கத்தினேன். எதிர்வீட்டு ஜன்னலில் திரை விலகியது, பிறகு நாகரிகமாக மூடிக்கொண்டது.

"நீ என்ன அரண்மனையா கட்டப் போற? ஒரு சீட்டு! தரையில வைக்கிற ஒரே ஒரு சீட்டு! அந்தப் பொண்ணு பாட்டையே விட்டுட்டுப் போகப் போறா, தெரியுமா? ஊரை விட்டே போயிருவா. நீ இன்னும் உருளைக்கிழங்கை வச்சுக் கொஞ்சிக்கிட்டு இரு!"

அவன் வழக்கம் போல, நான் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது என்று சொல்லவில்லை. வெளுத்துப்போனான். "நான் தப்பானதை எடுத்து, அவன் சாஞ்சு விழுந்து, தலையில பட்டுதுன்னா? அது கல் தரை இங்கெலா. நாம தாராளமா பேசறோம். அவன் தலை இவ்வளவுதான் இருக்கு." கையைக் குவித்து, எவ்வளவு என்று காட்டினான்.

எனக்கு அவன்மேல் இரக்கம் வந்தது உண்மை. கத்துவதை நிறுத்தவில்லை என்பதும் உண்மை. அன்று சாயங்காலமே கடைக்குப் போன் போட்டு அந்த மடக்குச் சீட்டுக்குச் சொல்லிவிட்டான்.

வால்போரிக்கு முந்திய கடைசிப் பயிற்சி. தெக்லாவை வரச்சொல்லி நானே போனில் பேசியிருந்தேன். காரணம் சொல்லவில்லை. சீட்டு நடுக்கூடத்தில் நீல ரிப்பனோடு நின்றது. பச்சை மேல்பூச்சோடு பெரிய கேக் இருந்தது. ஸ்டெல்லன் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருந்தான். சட்டத்தின் சாய்வு, அடி ரப்பர், துவைக்கக்கூடிய துணி என்று ஒவ்வொன்றாக விளக்கினான். கைதட்டினோம். பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

தெக்லா அல்கோட்டைச் சீட்டில் வைத்தாள். அவன் எங்களைப் பார்த்தான். கேக்கைப் பார்த்தான். இரண்டு கையையும் சீட்டின் விளிம்பில் ஊன்றி, ஒரு காலை வெளியே போட்டு, மீன் நழுவுவது போல வெளியே வந்தான். வந்தவன் முட்டிபோட்டுக் கல் தரையில் காப்பி மேஜையை நோக்கிக் கிளம்பினான். காப்பிக் கெண்டியின் ஒயர் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஐயோ, தவழறானே!" என்று பெங்ட் கத்தினான்.

தெக்லா ஓடிப்போய் அவனைத் தூக்கினாள். "ஈஸ்டருக்கு முன்னாலேருந்தே தவழறான்" என்றாள்.

எங்களில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. நாங்கள் பேசிக்கொண்டிருந்த பிள்ளை பிப்ரவரி வயதிலேயே நின்றுவிட்டான். இவன் பாட்டுக்கு வளர்ந்துவிட்டான். மறுபடி சீட்டில் வைத்தாள். பெல்ட் போட்டாள். அவன் முதுகை வில்லாக வளைத்துக் கத்தினான். கூடம் எதிரொலித்தது. ஸ்டெல்லன் அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

தெக்லா பெல்ட்டைக் கழற்றினாள். "ரொம்ப நல்ல சீட்டு. நிஜமாவே. எனக்காக இவ்வளவு மெனக்கெட்டிருக்கீங்க." பிறகு உல்ரிகாவிடம் திரும்பினாள். "அந்த அடியை வேற யாருக்காவது குடுத்துருங்க. இதை நேர்ல சொல்லணும்னுதான் வந்தேன். ஜூன்ல தெற்கே போறதாவும் இருக்கேன்."

அல்கோட்டைத் தரையில் போட்டு, அவனுடைய பனியுடுப்புக்குள் காலைத் திணிக்க ஆரம்பித்தாள். அவன் ஒரு காலை உள்ளே விட்டால் மற்றதை வெளியே எடுத்தான். நாங்கள் இத்தனை பேரும் சுற்றி நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். என் பொறுமை அங்கேதான் அறுந்தது.

"ஏன்டி, இத்தனை மாசமா ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? யார் கைலயாவது குடுத்துட்டு வந்து நின்னு பாடியிருக்கலாமே!"

அவள் மண்டியிட்டபடியே நிமிர்ந்தாள். "யார் கைல?"

"யார் கைலயாவது! நாங்க இத்தனை பேர் இருக்கோம்ல?"

"யாராவது ஒருத்தர் 'இவனைக் கொஞ்சம் இங்க குடு'ன்னு சொல்வீங்கன்னு நான் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் பாத்தேன். யாரும் கேக்கல."

"நீயும் கேக்கல" என்றான் பெங்ட், தரையைப் பார்த்துக்கொண்டு.

"எப்படிங்க கேக்கறது? வாரா வாரம் காப்பி நேரம் முழுக்க என் பிள்ளைக்கு என்ன சீட்டு வாங்கறதுன்னுதான் பேசறீங்க. அதுக்கும் மேல வந்து 'இவனையும் தூக்குங்க'ன்னு எந்த முகத்தோட சொல்வேன்?"

அடுத்தவர் பிள்ளையைக் 'குடு' என்று கேட்டால், உன்னால் முடியவில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னதாகிவிடும். அதனால் நாங்கள் கேட்க மாட்டோம். கேட்டால் பாரமாகிவிடுவோம் என்று அவளும் கேட்க மாட்டாள். யாருக்கும் பாரமாகாமல் இருப்பதற்கு பல்லைக்கூட நாங்களே பிடுங்கிக்கொள்வோம். மடியில் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்து, கைக்குப் பதிலாகப் பிள்ளையைத் தாங்க ஒரு சாமானை மாதக் கணக்கில் தேடியிருக்கிறோம். எனக்கு அழுகை வந்தது, அதைவிட அதிகமாக எல்லோரையும் நாலு சாத்துச் சாத்த வேண்டும்போல் இருந்தது, என்னையும் சேர்த்து.

ஸ்டெல்லன் சீட்டைத் தாண்டி வந்தான். தெக்லாவுக்கு எதிரில் முட்டிபோட்டான்.

"நான் எடுத்துக்கட்டுமா?" என்றான்.

நான் கேட்டவரையில், 'கொஞ்சம் பாக்கறேன்' என்று சேர்க்காமல் அவன் பேசிய முதல் வாக்கியம் அதுதான்.

தெக்லா ஒரு கணம் அவனைப் பார்த்தாள். பிறகு மூச்சை வாய்வழியாகச் சுருக்கென்று உள்ளே இழுத்தாள். எங்கள் வடக்கில் அதுதான் 'சரி'. தெற்கத்திப் பெண் அதை எப்போது கற்றுக்கொண்டாள் என்று தெரியவில்லை.

ஸ்டெல்லன் அல்கோட்டைத் தூக்கினான். கொதிக்கும் பானையைத் தூக்குவது போல உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டான். ஒரு கால் பனியுடுப்பில், ஒரு கால் வெளியே. அல்கோட் அவன் முகத்தை ஆராய்ந்தான், கண்ணாடியைப் பிடுங்கினான், பிறகு இதுவரை கத்தியதெல்லாம் ஒத்திகை என்பது போலக் கத்தத் தொடங்கினான்.

தெக்லா கையை நீட்டினாள்.

"நீ போய் நில்லு" என்றேன். அவள் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டுபோய் என் இடப்பக்கம் நிறுத்தினேன். உல்ரிகா கையை உயர்த்தினாள்.

அடிக்குரலில் தூண் இல்லாமல், பின்னால் ஒரு குழந்தை கூரையைப் பிய்க்க, நாங்கள் வசந்தத்தை வரவேற்றோம். ஸ்டெல்லன் சுவரோரமாக மேலும் கீழும் நடந்தான். அவனுடைய காலணி கீச்சிட்டது. நடு அடி வந்தது. தெக்லா தொடங்கினாள். பின்னாலிருந்து ஒவ்வொரு வீறலுக்கும் அவள் தோள் மேலே ஏறியது. குரல் ஒருமுறை உடைந்தது. திரும்பிப் பார்த்துவிடுவாள், ஓடிவிடுவாள் என்று நினைத்தேன். அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பிறகு எங்கேயோ, எந்த வரியில் என்று என்னால் சொல்ல முடியாது, தோள் இறங்கியது. அல்கோட் கத்திக்கொண்டேதான் இருந்தான். அவள் கடைசிவரை பாடினாள்.

முடிந்ததும் ஸ்டெல்லன் வந்தான். சட்டைத் தோள் நனைந்து, தலைமுடி நட்டுக்கொண்டு, கண்ணாடி கோணலாக. "அவனுக்கு என்னைப் பிடிக்கல இங்கெலா."

"நீ தூக்கற அழகுக்கு உன்னை எவனுக்குப் பிடிக்கும்? இங்க குடு."

வாங்கினேன். கனமாக இருந்தான், சூடாக இருந்தான், புளித்த பால் வாசம் அடித்தது. என் காதுக்குள்ளேயே கத்தினான். உல்ரிகா என்னைப் பார்த்து, "இங்கெலா, அடுத்த பாட்டு, உன் இடத்துக்கு வா" என்றாள். "எனக்கு வேலை இருக்கு, நீங்க பாடுங்க" என்றேன். அதற்கடுத்த பாட்டுக்குப் பெங்ட் வந்து, எண்ணெய்க் கறை போகாத அந்தக் கையை நீட்டினான்.

சீட்டு கூடத்திலேயே இருக்கிறது. பாட்டுத்தாள் வைக்கத் தோதாக இருக்கிறது. அதைக் கடைக்குத் திருப்பிக் கொடுத்துவிடலாமா, இல்லை அடுத்த குழந்தைக்கு இருக்கட்டுமா என்று ஸ்டெல்லன் யோசித்துக்கொண்டிருக்கிறான். நான் தலையிடுவதில்லை.

வால்போரி அன்று பனித்தூறலோடு காற்று அடித்தது. தீ பிடிப்பதற்கே வெகுநேரம் ஆனது. தெக்லா தன் அடியைப் பாடினாள். காற்று பாதியைக் கொண்டுபோனது, மீதியை ஊரே கேட்டது. பாட்டு முடிந்து எல்லோரும் கைதட்டிக்கொண்டிருக்கும்போது அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அல்கோட் இப்ப யார்கிட்ட இருக்கான்?"

எனக்குத் தெரியவில்லை. நான் பெங்ட்டிடம் கொடுத்திருந்தேன். பெங்ட்டின் கை காலியாக இருந்தது. அவன் பின்வரிசையைக் காட்டினான். பின்வரிசையில் யாரோ இன்னொரு பக்கம் காட்டினார்கள்.

"இங்கதான் எங்கயோ இருக்கான்" என்றேன்.

"சரி" என்றாள் தெக்லா. கையுறையைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு, இரண்டு கையையும் தீயின் பக்கம் நீட்டிக்கொண்டு நின்றாள்.